ஒளித்து வைத்த ஷிராஸ்

அடிலெய்டில் ஒயின் பேச்சு எழுந்தால் மாக்ஸ் ஷூபர்ட் கதை வராமல் போகாது. 1956இல் சிட்னியில் அவர் சரக்கைச் சுவைத்து முகம் சுளித்த பெரியவர்களை முட்டாள்களாக்கிவிட்டுத்தான் கதையை மேலே நகர்த்துவார்கள். நான் அந்தப் பெரியவர்கள் கட்சி.

ஷூபர்ட், பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் தலைமை ஒயின் தயாரிப்பாளர். 1950இல் ஷெர்ரி செய்முறையைப் பார்த்துவர அவரை ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். அன்றைய ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்றது ஷெர்ரியும் போர்ட்டும்தான். போன இடத்தில் பிரான்சின் போர்டோவுக்கும் போனார். கிறிஸ்டியன் குரூஸ் என்ற வணிகர் நாற்பது, ஐம்பது வயதான சிவப்பு ஒயின்களைத் திறந்து ஊற்றினார். எதுவும் கெட்டிருக்கவில்லை. ஊர் திரும்பி அப்படி ஒன்றைச் செய்தே தீருவது என்று ஷூபர்ட் முடிவு கட்டிவிட்டார்.

போர்டோவின் கபர்னே திராட்சை தெற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது அரிது, ஷிராஸ் தாராளம். 1951 அறுவடையில் மகில், மார்ஃபெட் வேல் தோட்டங்களின் பழங்களை எடுத்தார். தோல் மேலே மிதக்காமல் பலகையால் சாற்றுக்குள் அமிழ்த்தி, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டு நாள் போல மெல்லப் புளிக்கவிட்டார். தோலிலுள்ள நிறமும் துவர்ப்பும் முழுக்க இறங்க வேண்டுமே! பிறகு சுமார் 300 லிட்டர் கொள்ளும் ஐந்து புத்தம்புது அமெரிக்க ஓக் பீப்பாய்கள். மரம் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் துவர்ப்பு சேர்த்தது.

கிரேஞ்ச் என்று பெயர் பெற்ற இந்த ஒயினை இளசாகக் குடித்தால் கடுக்காயைக் கடித்த மாதிரி இருக்கும், நான் குடித்திருக்கிறேன். சிட்னி கூட்டத்துக்குப் போன பாட்டில்களில் மூத்ததற்கே ஐந்து வயதுதான். நசுக்கிய எறும்பு நெடி அடிக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னாராம். நாக்கு பொய் சொல்லவில்லை. விற்காத சரக்கில் பணம் முடங்கிக் கிடக்கிறதே என்ற கவலை வேறு. 1957இல் நிறுத்தச் சொல்லி நிர்வாகத்திடமிருந்து உத்தரவு வந்தது.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. அடிலெய்டு அலுவலகத்தில் ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் கண்டுகொள்ளாமல் துணை நின்றார். 1957, 58, 59 மூன்று ஆண்டுச் சரக்கும் மகில் நிலவறைகளில் ஒளிந்தது. புதுப் பீப்பாய் வாங்க மட்டும் பணமில்லை.

அதே காலத்தில் பழைய பாட்டில்களுக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. குளிர்ந்த இருட்டில், தக்கை காயாதபடி படுக்கவைத்த பாட்டிலில், துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து வண்டலாக அடியில் படியும், சாறு மிருதுவாகும். பழைய கிரேஞ்சைத் திறப்பதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, மறுநாள் வண்டல் கலங்காமல் வேறு ஜாடிக்கு வடிப்பது இதற்காகத்தான். அவசரக்காரர்கள் குலுக்கிவிட்டு வண்டலையும் சேர்த்துக் குடிக்கிறார்கள், பாவம்.

நிர்வாகம் முதல் ஆண்டுகளின் சரக்கை மறுபடி சுவைத்தது. 1960 அறுவடைக்கு முன் தடை நீங்கியது. 1955ஆம் ஆண்டுச் சரக்கு 1962இல் சிட்னி ஒயின் போட்டியிலேயே தங்கம் வாங்கியது. ஷூபர்ட்டைப் பாராட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தங்கத்தில் பாதி நிலவறைக்குச் சேர வேண்டியது.

ஒளித்த மூன்றில் ஒன்று பின்னாளில் ஒரு பதவியையும் பறித்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வராயிருந்த பாரி ஓஃபாரல் பிறந்த ஆண்டு 1959. அந்த ஆண்டு கிரேஞ்ச் ஒன்று, சுமார் 3,000 டாலர் விலையுள்ளது, அவருக்குப் பரிசாக வந்தது. ஊழல் விசாரணை ஆணையத்தில் அப்படி எதுவும் வந்ததாக நினைவில்லை என்றார். அவரே கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் அகப்பட்டதும், 2014 ஏப்ரலில் விலகினார். இத்தனைக்கும், புது மரம் படாத அந்த மூன்று ஆண்டுச் சரக்கிலும் ஏதோ குறைகிறது என்று ஷூபர்ட்டே சொல்லியிருக்கிறார்.