நியூ ஜெர்சி: சொத்து வரி, பள்ளி நிதி, அரசுக் கடன்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பள்ளிச் செலவின் பெரும்பங்கை அந்தந்த ஊரின் சொத்து வரியே நெடுங்காலம் சுமந்தது. வசதியான புறநகர்கள் குறைந்த விகிதத்தில் வரி போட்டும் தாராளமாகத் திரட்டின. நூவர்க், கேம்டன் போன்ற நகரங்கள் கூடுதல் விகிதத்தில் வரி போட்டும் திண்டாடின.

மாநிலம் 1 லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கினால் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்றது 1844 அரசியலமைப்பு. போர், கலகம் போன்றவை விலக்கு. 5 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு முழுமையும் திறனும் உள்ள இலவசப் பள்ளிகளை மாநிலம் நடத்த வேண்டும் என்ற திருத்தம் 1875-ல் சேர்ந்தது. விற்பனை வரி 1966-ல்தான் வந்தது.

திருப்பம் 1970-களில். ஜெர்சி சிட்டியிலிருந்து ஒரு மாணவன் பெயரில் தொடரப்பட்ட 'ராபின்சன் எதிர் காஹில்' வழக்கில், சொத்து வரியை நம்பிய பள்ளி நிதி முறை செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1973 ஏப்ரல் 3-ல் தீர்ப்பளித்தது. டெக்சாஸிலிருந்து வந்த இதே போன்ற வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிராகரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கைகொடுத்தது, அதிகம் யாரும் சீண்டாத அந்த 1875 திருத்தம்தான். சட்டமன்றம் 1975-ல் புதிய பள்ளிச் சட்டம் இயற்றியது. பணத்துக்கு வழி சொல்லவில்லை. பொறுமையிழந்த நீதிமன்றம், 1976 ஜூலை 1 முதல் பள்ளிகளுக்குச் செலவிடவே தடை விதித்தது. விடுமுறைக் காலம் என்பதால் மூடப்பட்டவை பெரும்பாலும் கோடை வகுப்புகளே. ஆனாலும் மிரட்டல் பலித்தது. ஜூலை 8-ல் ஆளுநர் பிரெண்டன் பர்ன் வருமான வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேர்தலின்போது அப்படியொரு வரி தேவைப்படாது என்று பேசியவர் அவர். ஒரு தவணையோடு சரி என்று பட்டப்பெயரே வைத்தார்கள். ஆனால் 1977-ல் அவர் மறுபடி வென்றார்.

ஏழை நகரங்களின் பள்ளி நிதி பற்றிய 'ஆபட் எதிர் பர்க்' வழக்கு 1981-ல் தொடங்கியது. அதன் தீர்ப்புகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. ஆளுநர் ஜிம் ஃபுளோரியோ 1990-ல் 280 கோடி டாலர் வரி உயர்த்தினார். விற்பனை வரி கழிவறைத் தாளையும் விடவில்லை. போராட்டக்காரர்களுக்கு அந்தத் தாள் சுருளே கொடியாயிற்று! 1993-ல் அவர் தோற்றதற்கு வரி மட்டுமே காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்து வந்த கிறிஸ்டின் விட்மன் வருமான வரியைக் குறைத்தார். சொத்து வரி ஏறியதில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதும் தீராத வாதமே. ஓய்வூதிய நிதிக்காக 1997-ல் சுமார் 275 கோடி டாலர் கடன் பத்திரங்கள் வெளியாயின. பள்ளிக் கட்டடங்களுக்கான 860 கோடி டாலர் திட்டம் 2000-ல் வந்தது. இதற்கான கடனுக்கு வாக்காளரைக் கேட்கவில்லை. நீதிமன்றமும் அதை ஏற்றது.

தனி வருவாய் ஒதுக்காத கடனுக்கு வாக்கெடுப்பு கட்டாயம் என்ற திருத்தம் 2008-ல் நிறைவேறியது. சொத்து வரி வசூல் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்ற வரம்பு, சில விலக்குகளோடு, 2010-ல் வந்தது. 2024-ல் சராசரி வீட்டின் ஆண்டுச் சொத்து வரி 10,000 டாலரைத் தாண்டியது.