அச்சகத்திலிருந்து ஆட்சியரகம் வரை: தமிழகத்தில் துண்டறிக்கை வழங்கும் உரிமை

திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று வடாற்காட்டிலிருந்து பிரிந்தது. அதன் ஆட்சியரகம் நகரையொட்டிய வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வருபவர்களை அங்கே பார்க்கலாம். மனுவை அரசு விரும்புகிறது. அதற்கென ஒரு நாளே ஒதுக்கியிருக்கிறது. அதே குறையை நூறு பிரதி அச்சடித்துப் பேருந்து நிலையத்தில் கொடுத்தால் நிலைமை வேறு. மனு அதிகாரியிடம் கேட்கிறது. நோட்டீஸ் அதிகாரியைத் தாண்டி ஊரிடம் பேசுகிறது. ஒரு கருத்தை எழுதும் உரிமையைவிட அதைத் தெருவில் கொடுக்கும் உரிமையே தமிழகத்தில் அதிகம் சிக்கலுக்கு உள்ளாகி வந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

காலனி அரசு எழுத்தாளனைத் தேடி அலைவதைவிட அச்சகத்தைப் பிடிப்பதே எளிது என்பதை விரைவில் கண்டுகொண்டது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம் ஒவ்வொரு அச்சுத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் புதிய அச்சகங்களிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்டது. அரசுக்குப் பிடிக்காதது வெளிவந்தால் அந்தத் தொகை பறிபோகும். அன்றைய சிறு அச்சகத்தாருக்கு அது மூச்சை அடைக்கும் பணம். 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்த பாரதியின் ‘இந்தியா’ இதழைப் பிரெஞ்சு மண்ணில் தொட முடியாத ஆங்கில அரசு, தன் எல்லைக்குள் அது நுழைவதைத் தடுத்தது. 1910இல் இதழ் நின்றது. ஆசிரியரைக் கைது செய்யாமலே ஒரு பத்திரிகையைச் சாகடிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1928இல் பாரதியின் பாடல் நூல்கள் பறிமுதலுக்கு ஆளானபோது சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் எதிர்த்தார். ‘குடி அரசு’ இதழ் 1933 அக்டோபரில் வெளியிட்ட தலையங்கத்துக்காகப் பெரியாரோடு அவருடைய தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார். எழுதியவர் அண்ணன், வெளியிட்டவர் என்ற பொறுப்பு தங்கையுடையது. அந்தப் பொறுப்பின் விலை சிறை.

சுதந்திரத்துக்குப் பின் வந்த வழக்குதான் இந்த வரலாற்றின் நடுத்தூண். சென்னை மாகாண அரசு கம்யூனிஸ்டுகளைக் கடுமையாக ஒடுக்கிய காலம் அது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தனர். மூன்று வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 1 அன்று, பம்பாயில் ரமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் மாகாணத்துக்குள் வரவும் வழங்கப்படவும் அரசு தடை விதித்தது. ஆதாரம், 1949ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்கு காப்புச் சட்டம். அச்சடிப்பதற்குத் தடையில்லை, அச்சகம் வேறு மாகாணத்தில்தான் இருந்தது. தடுக்கப்பட்டது விநியோகம் மட்டுமே.

தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 26 அன்று வந்த தீர்ப்பை எழுதியவர் சென்னையில் வழக்கறிஞராக இருந்த பதஞ்சலி சாஸ்திரி. பரப்ப முடியாவிட்டால் வெளியீட்டுக்கு மதிப்பில்லை, ஆகவே பேச்சுரிமைக்குள் விநியோக உரிமையும் அடங்கும் என்றார். ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் நகரில் அனுமதியின்றித் துண்டுப் பிரசுரம் கொடுத்த அல்மா லவல் என்ற பெண்ணின் 1938ஆம் ஆண்டு வழக்கும் தீர்ப்பில் மேற்கோளாக வந்தது. பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்க இடம் தரும் அரசியல் சட்டத்தின் அன்றைய 19(2) பிரிவில் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் இல்லை. எனவே தடை செல்லாது. நீதிபதி ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார்.

வெற்றி ஓராண்டு நீடித்தது. 1951 ஜூனில் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் அந்த இரண்டு சொற்களையும் 19(2)க்குள் சேர்த்தது. ‘நியாயமான’ கட்டுப்பாடு என்ற நிபந்தனையும் கூடவே வந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் நியாயம் எது என்று முதலில் முடிவெடுப்பது நீதிபதி அல்ல, களத்தில் நிற்கும் நிர்வாகம்.

அந்த நிர்வாகத்துக்குப் பிற்காலத்தில் இன்னொரு கருவியும் கிடைத்தது. கள்ளச்சாராயக்காரர்களுக்கும் குண்டர்களுக்கும் எதிராக என்று 1982இல் வந்த, ‘குண்டர் சட்டம்’ எனப்படும் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். மாநகரங்களில் காவல் ஆணையரும் மாவட்டங்களில் ஆட்சியரும் உத்தரவிடுவார்கள். 2017 ஜூலையில் சேலம் அரசு மகளிர் கலைக் கல்லூரி அருகே, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு எதிரான நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களை ஆதரித்து நோட்டீஸ் கொடுத்த மாணவி ஒருவர் மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. செப்டம்பர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் காவல் உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் ஏழு வாரச் சிறைவாசம் முடிந்திருந்தது. சட்டம் தோற்றாலும் தண்டனை நிறைவேறிவிடும் ஏற்பாடு இது.

நோட்டீஸ் எப்போதும் பலவீனர் கையில்தான் இருக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்தவர்கள் அதன் சில பக்கங்களை மட்டும் பிரதியெடுத்து ஊரில் பரப்பினார்கள். அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. தவறு நிகழ்ந்தது நாமக்கல் ஆட்சியரகத்தில்: 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் நடந்த ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில் எழுத்தாளரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு சொன்னது.

இனி வேங்கிக்கால். 2023இல் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு அருகே மேல்மா பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நூறு நாட்களுக்கும் மேல் போராடினர். நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் போடப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஆறு பேர் மீதான உத்தரவை அரசே சில நாட்களில் விலக்கிக்கொண்டது. அதனால் அந்த ஆறு உத்தரவுகளும் சட்டப்படி நிற்குமா என்ற கேள்வி நீதிமன்றத்தில் தீர்ப்பைக் காணாமலே முடிந்துபோனது.