சரிபார்ப்புப் பட்டியலின் வரலாறு

சரிபார்ப்புப் பட்டியல் என்பது, ஒரு வேலையில் விட்டுப்போகக் கூடாத படிகளை வரிசையாக எழுதி வைத்து, ஒவ்வொன்றும் முடிந்ததா என்று பார்த்துக் குறியிட உதவும் எளிய கருவியாகும். பேச்சு வழக்கில் இது 'செக்லிஸ்ட்' எனப்படுகிறது. மளிகைக் கடைக்கு எடுத்துச் செல்லும் சீட்டு, ஊருக்குக் கிளம்பும் முன் எழுதும் சாமான் பட்டியல், கைப்பேசிச் செயலியில் கட்டம் போட்டுக் காட்டப்படும் 'செய்ய வேண்டியவை' ஆகிய அனைத்தும் இதன் வடிவங்களே.

இக்கருவி தெரியாத ஒன்றைக் கற்றுத் தருவதில்லை. நன்றாகத் தெரிந்த ஒன்றை மறந்துவிடாமல் காப்பதே இதன் வேலை. விமானம், விண்வெளி, மருத்துவம், தேர்தல் எனப் பல துறைகளில் இது நுழைந்த வரலாற்றைப் பார்த்தால், பட்டியல் எப்போது பயன் தருகிறது, எப்போது வெறும் காகிதமாகிவிடுகிறது என்பது புலப்படும்.

மறதியின் இயல்பு

மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கக்கூடிய செய்திகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், இந்த எல்லை ஏறத்தாழ ஏழு என்றார். பிற்கால ஆய்வாளர்கள் பலர் அதை நான்கு என்ற அளவுக்குக் குறைத்துள்ளனர். அதற்கு மேல் சேரும்போது ஏதாவது ஒன்று நழுவிவிடுகிறது.

பழகிய வேலையில் வேறொரு சிக்கலும் உண்டு. முக்கிய நோக்கம் நிறைவேறியவுடன், கடைசியில் செய்ய வேண்டிய சிறு வேலை மறந்துபோகிறது. ஜெராக்ஸ் கடையில் நகலை வாங்கிக்கொண்டு அசல் சான்றிதழை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு வருவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பணத்தை எடுத்துக்கொண்டு அட்டையை மறந்து செல்வதைத் தடுக்கவே, பல ஏ.டி.எம். இயந்திரங்கள் அட்டையை முதலில் திருப்பித் தந்த பிறகு பணத்தைத் தருகின்றன. அறிவுக் குறைவுக்கும் இத்தகைய மறதிக்கும் தொடர்பில்லை. திறமைசாலிகளுக்கும் இது நேரும் என்பதை 1935-இல் நடந்த ஒரு விபத்து உலகுக்குக் காட்டியது.

1935: போயிங் 299 விபத்து

அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1935-இல் புதிய குண்டுவீச்சு விமானத்தைத் தேர்ந்தெடுக்கப் போட்டி ஒன்றை நடத்தியது. அதில் போயிங், மார்ட்டின், டக்ளஸ் ஆகிய நிறுவனங்களின் விமானங்கள் கலந்துகொண்டன. நான்கு இயந்திரங்கள் கொண்ட போயிங்கின் 'மாடல் 299' வேகத்திலும் பறக்கும் தொலைவிலும் மற்றவற்றை விஞ்சி நின்றது.

1935 அக்டோபர் 30 அன்று, ஒகையோ மாநிலம் டேட்டன் நகருக்கு அருகிலுள்ள ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் இவ்விமானம் சோதனைப் பறப்புக்குக் கிளம்பியது. தரையிலிருந்து எழும்பியவுடன் செங்குத்தாக மேலேறி, வேகம் குறைந்து, கீழே விழுந்து தீப்பற்றியது. விமானத்தை ஓட்டிய மேஜர் பிளோயர் ஹில், போயிங் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவர் ஆகிய இருவரும் உயிரிழந்தனர். உடனிருந்த மூவர் உயிர் தப்பினர்.

விசாரணையில் இயந்திரக் கோளாறு எதுவும் தெரியவரவில்லை. விமானம் தரையில் நிற்கும்போது காற்றடித்து வால் தகடுகள் ஆடாமல் இருக்க, அவற்றைப் பூட்டி வைப்பது வழக்கம். பறக்கும் முன் அந்தப் பூட்டை விடுவிக்க வேண்டும். அன்று அது விடுவிக்கப்படவில்லை. ஹில் அனுபவம் மிக்க விமானி. பூட்டை எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் முந்தைய விமானங்களைவிட இதில் கவனிக்க வேண்டியவை மிகுதியாக இருந்தன.

போட்டியின் பெரிய ஒப்பந்தம் டக்ளஸ் நிறுவனத்துக்குச் சென்றது. எனினும் தொடர்ந்து சோதிப்பதற்காக 13 போயிங் விமானங்களை வாங்கப் படை முடிவு செய்தது. விமானிகளுக்குக் கூடுதலாகப் பயிற்சி அளிப்பதோடு படை நிற்கவில்லை. புறப்படும் முன், பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க வேண்டியவை சுருக்கமான பட்டியலாக எழுதப்பட்டு விமானிகளின் கையில் தரப்பட்டன. ஒருவரால் ஓட்ட இயலாத அளவுக்குச் சிக்கலானது என்று கருதப்பட்ட அந்த விமானமே பின்னர் 'பி-17' என்ற பெயரில் 12,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. பட்டியலை வாசிக்கும் பழக்கம் படிப்படியாக உலகெங்கும் விமானத் துறையின் விதியாயிற்று.

விண்வெளிப் பயணங்களில்

நிலவுப் பயணங்களில் பட்டியல் விண்வெளி வீரரின் உடையிலேயே இடம் பெற்றது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் நடந்தபோது, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அவர்களின் கையுறையின் மணிக்கட்டுப் பகுதியில் தைக்கப்பட்டிருந்தது. அடுத்து வந்த அப்பல்லோ 12 பயணத்திலிருந்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிறு ஏடு பயன்படுத்தப்பட்டது.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிசன் கலன் வெடித்தது. மின்சாரத்தைச் சேமிக்க முதன்மைக் கலத்தின் கருவிகள் முழுவதுமாக நிறுத்தப்பட்டன. பூமிக்குத் திரும்பும் முன் அவற்றை மீண்டும் இயக்க வேண்டும். குளிரில் உறைந்து கிடந்த கலத்தை, மீதமிருந்த சிறிதளவு மின்சாரத்தில், எந்த வரிசையில் உயிர்ப்பிப்பது என்பதற்கு அதுவரை எழுதப்பட்ட பட்டியல் எதுவும் இல்லை. வழக்கமாக நீண்ட காலம் எடுத்துத் தயாரிக்கப்படும் அத்தகைய வரிசையைத் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தார் சில நாள்களில் உருவாக்கி, வானொலி வழியே வாசித்தனர். வீரர் ஜேக் சுவிகெர்ட் கைக்குக் கிடைத்த தாள்களில் அதை எழுதிக்கொண்டார். மூவரும் உயிருடன் திரும்பினர்.

மருத்துவத்தில்

மருத்துவத் துறை இக்கருவியை முறையாக ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளிகளுக்கு இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையில் குழாய் செலுத்துவதுண்டு. அதன் வழியே கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் புரோனோவோஸ்ட் 2001-ஆம் ஆண்டு வாக்கில் இதற்கு ஒரு சிறு பட்டியலைப் பயன்படுத்தத் தொடங்கினார். கை கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், முழுப் பாதுகாப்பு உடை அணிதல் போன்று எல்லா மருத்துவர்களும் அறிந்த படிகளே அதில் இருந்தன.

அதில் புதுமை வேறோர் இடத்தில் இருந்தது. மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை செவிலியருக்கு அளிக்கப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தில் 100-க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த முறை பின்பற்றப்பட்டது. குழாய்வழித் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

2008-இல் உலக சுகாதார அமைப்பு அறுவை சிகிச்சைக்கான 19 அம்சப் பட்டியலை வெளியிட்டது. இப்பணிக்கு அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தலைமை தாங்கினார். மயக்க மருந்து தரும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை அறையிலிருந்து வெளியே கொண்டுசெல்லும் முன் என மூன்று இடங்களில் அனைவரும் நின்று சரிபார்க்க வேண்டும். நோயாளி யார், எந்தப் பக்கத்தில் அறுவை, ஒவ்வாமை உண்டா, உள்ளே வைத்த பஞ்சுகளின் எண்ணிக்கை சரியா என்பன போன்ற எளிய கேள்விகளே அதில் உள்ளன. புதுதில்லி, மணிலா, அம்மான், லண்டன், சியாட்டில் உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இது சோதிக்கப்பட்டது. 2009-இல் வெளியான முடிவுகளின்படி இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், பெரும் சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன.

தேர்தல் பணியில்

இந்தியத் தேர்தல்களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வாக்குச்சாவடி அலுவலர்களாகப் பணியாற்றுகின்றனர். வாக்குப்பதிவு தொடங்கும் முன், முகவர்களின் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளுடன் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்ட வேண்டும். அது முடிந்ததும் முடித்தல், முடிவைக் காட்டுதல், அழித்தல் என்ற மூன்று பொத்தான்களையும் அதே வரிசையில் அழுத்த வேண்டும்.

முடிவு சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். வெளியே வாக்காளர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். அந்த அவசரத்தில் மூன்றாவது படியான அழித்தலை மறந்தால், மாதிரி வாக்குகள் உண்மையான வாக்குகளோடு கலந்துவிடும். ஜெராக்ஸ் இயந்திரத்தில் அசலை விட்டு வருவதைப் போன்ற அதே மறதிதான் இது. விளைவோ ஒரு சாவடியின் வாக்கு எண்ணிக்கையையே பாதிக்கக் கூடியது. இதனால்தான் மாதிரி வாக்குப்பதிவு முடிந்ததற்குச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி உள்ளது.

பட்டியல் இருந்தும் நேர்ந்த தோல்விகள்

பட்டியல் கையில் இருப்பது மட்டும் போதாது. 1987 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் டிட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட நார்த்வெஸ்ட் 255 விமானம் உடனே விழுந்து நொறுங்கியது. விமானத்தில் 154 பேரும் தரையில் இருவரும் இறந்தனர். ஒரு சிறுமி மட்டுமே உயிர் பிழைத்தார். மேலெழும்ப உதவும் இறக்கைத் தகடுகள் நீட்டப்படவில்லை. அவற்றைச் சரிபார்க்கும் பட்டியல் விமானத்தில் இருந்தும் அன்று வாசிக்கப்படவில்லை என்று விசாரணை கண்டறிந்தது. 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட் நகரில் இதே வகை விமானம் ஒன்று அதே போன்ற காரணத்தால் விழுந்து 154 பேர் உயிரிழந்தனர்.

மருத்துவத்திலும் இதே பாடம் கிடைத்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைப் பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஆனால் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆணைக்காகக் கட்டங்களில் குறியிடுவதும், நின்று பேசிச் சரிபார்ப்பதும் ஒன்றல்ல என்ற விவாதத்தை அது எழுப்பியது.

உத்தரப் பிரதேசத்தில் 120 பேறுகால மையங்களில் பாதுகாப்பான பிரசவத்துக்கான பட்டியல், பயிற்சியாளர்களின் துணையோடு சோதிக்கப்பட்டது. பணியாளர்கள் பின்பற்றிய நல்ல நடைமுறைகள் அதிகரித்தன. ஆயினும் தாய், சேய் இறப்பு குறையவில்லை என 2017-இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. மறதி ஒன்றே குறையாக உள்ள இடத்தில் பட்டியல் உயிர் காக்கும். மற்ற குறைகளும் சேர்ந்திருக்கும் இடத்தில் அது மட்டும் போதாது.

கைப்பேசிச் செயலிகளில்

1995-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 777 விமானத்தில் பட்டியல் மின்னணுத் திரையில் இடம் பெற்றது. பல படிகள் முடிந்ததா என்பதை விமானமே உணர்ந்து காட்டியது. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த 'பாம் பைலட்' கையடக்கக் கருவியில் நாட்காட்டி, முகவரிகள், செய்ய வேண்டியவை, குறிப்புகள் ஆகிய நான்குக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன. இன்றைய கைப்பேசிகளிலும் இந்த நான்கும் செயலிகளாகத் தொடர்கின்றன. ஆப்பிளின் 'ரிமைண்டர்ஸ்' 2011-இலும், 'கூகிள் கீப்' 2013-இலும் வெளிவந்தன. தனக்குத் தானே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி வைத்துக்கொள்வதும் பலரிடம் உள்ள பழக்கமே.

காகிதத்தால் முடியாத ஒன்றைச் செயலி செய்கிறது. குறித்த நேரத்தில் அது தானே ஒலி எழுப்புகிறது. ஆனால் நாள் முழுதும் ஒலிக்கும் அறிவிப்புகளை மனம் விரைவில் பொருட்படுத்தாமல் விடும். வாசிக்கப்படாத காகிதத்துக்கு நேர்ந்த கதியே அப்போது செயலிக்கும் நேரும்.

நல்ல பட்டியலின் இயல்புகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில பொதுவான இயல்புகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, சுருக்கம். எப்படியும் மறக்காத படிகளை எழுதத் தேவையில்லை. மறக்க வாய்ப்புள்ளவையும், மறந்தால் பெரும் இழப்பைத் தருபவையும் மட்டும் இடம் பெறுவது நல்லது. தேர்வுக்குச் செல்லும் மாணவருக்கு ஹால் டிக்கெட், அடையாள அட்டை, பேனா, கைக்கடிகாரம், தேர்வு மைய முகவரி என ஐந்து வரிகள் போதும்.

இரண்டாவது, நிற்குமிடம். பட்டியலை எப்போது பார்ப்பது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். விமானத்தில் ஓடுபாதைக்கு முன்பும், அறுவை அறையில் கத்தி வைக்கும் முன்பும் இருப்பதுபோல, வீட்டில் அது வாசற்கதவைப் பூட்டும் முன் என்று இருக்கலாம்.

மூன்றாவது, வாய்விட்டு வாசித்தல். ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துப் பதில் சொல்லும் முறையை விமானிகள் பின்பற்றுகின்றனர். வீட்டிலும் ஒரு குழந்தை வாசித்து, பெரியவர் பையைத் திறந்து பார்த்துச் சொல்லலாம்.

நான்காவது, கேள்வி கேட்கும் உரிமை. விட்டுப்போனதைக் கண்டவர் வயதிலோ பதவியிலோ சிறியவராக இருந்தாலும், தயங்காமல் சொல்ல இடம் இருக்க வேண்டும். மிச்சிகனில் செவிலியருக்குக் கிடைத்த உரிமை இதுவே.

ஐந்தாவது, திருத்தம். ஒவ்வொரு முறையும் விட்டுப்போனதைச் சேர்த்து, தேவையற்றதை நீக்கினால்தான் பட்டியல் பயனுள்ளதாக இருக்கும்.

1935-இல் ரைட் ஃபீல்டில் மறக்கப்பட்டது ஒரே ஒரு பூட்டு. அதை நினைவூட்ட ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். அன்று முதல் இன்றுவரை பட்டியல் காகிதம், கையுறை, திரை, கைப்பேசி என இடம் மாறி வந்துள்ளது. ஆனால் வேலைக்கு நடுவே ஒரு நிமிடம் நின்று அந்த வரியை வாசிக்கும் பொறுப்பு இன்றும் மனிதரிடமே உள்ளது.