ஔஷத தானமும் ஆதுலசாலைகளும்

ஆருகத சமயம் இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு. அவை ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என்பன. பசித்தவர்க்கு உணவளிப்பதற்கு இணையாக நோயுற்றவர்க்கு மருந்தளித்தலையும் நம் முன்னோர் அறமெனக் கொண்டனர். சமணப் புலவர்கள் தம் நீதி நூல்களுக்கு மருந்தின் பெயர்களையே சூட்டியதும் இதனோடு இயைந்தது. காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. ஐந்து வேர்கள் கூடி உடல்நோய் தீர்ப்பதுபோல் ஐந்து கருத்துகள் கூடி உள்ளநோய் தீர்க்கும் என்பது முதல் நூற்பெயரின் குறிப்பு.

ஔஷத தானம் தமிழகத்தில் நிலைத்த அறச்சாலையாக உருப்பெற்றமைக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையின் பெயரால் தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலையை அமைத்து, அதன் மருத்துவருக்கு நிலமும் அளித்தார். இன்று தாதாபுரம் என வழங்கும் இராசராசபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகக் கடவுளுக்கும் தனித்தனியே கோயில் எடுப்பித்தவரும் அவரே. அங்குள்ள சினாலயம் அவர் பெயராலேயே குந்தவை சினாலயம் எனப்பட்டது. மூன்று சமயங்களையும் போற்றிய கரமே மருத்துவச் சாலையையும் நிறுவியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் விரிவானது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அக்கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையைக் குறிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து சமைப்போர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர், நீர் கொணர்வோர் ஆகிய ஒவ்வொருவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. இரவெல்லாம் எரியும் விளக்குக்குரிய எண்ணெய்க்கும் செலவு ஒதுக்கப்பட்டது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாகத் திருக்குறள் பகுக்கும். அந்நான்கிற்கும் அங்கே இடம் இருந்தது.

எனினும் அச்சாலையின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. வேதம் பயின்ற மாணவர், ஆசிரியர், கோயிற் பணியாளர் ஆகியோர்க்காகவே அது அமைந்தது. ஊரில் உழுதவரும் நெய்தவரும் வழிப்போக்கரும் நோயுற்றபோது யாரை நாடினர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. தானத்தின் அளவைக் கொடுத்த பொருளால் மட்டும் கணிக்க இயலாது; அது யாரைச் சென்றடைந்தது என்பதையும் நோக்க வேண்டும்.

இக்கேள்வி இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திற்கு மிகப் பொருந்தும். ஒன்று ஆண்டாள் பிறந்த வைணவத் தலம். ஆடிப்பூரத் தேருக்குப் பல ஊர் மக்கள் கூடும் இடம். மற்றொன்று தெலுங்கு பேசும் ராஜாக்களும் தமிழ் பேசும் பல குலத்தாரும் சேர்ந்து வாழும் தொழில் நகரம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து ஆலைத் தொழில் வளர்ந்தது. தென்கிழக்கே கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சமணப் பள்ளி செழித்திருந்தது. அங்குள்ள திருமேனிகளைச் செய்வித்தோருள் குரவரும் குரத்தியரும் பல ஊர்க் கைவினைஞரும் இருந்தனர் என்பதை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பலவகை மக்கள் ஓர் அறத்தில் கைகோத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று.

இத்தகைய ஊரில் மருத்துவமனை வாயிலில் அமர்ந்திருப்போரின் மொழி ஒன்றன்று, சமயமும் ஒன்றன்று. பஞ்சுத்தூசியால் மூச்சு வாங்கும் ஆலைத் தொழிலாளியும், மகப்பேற்றுக்கு வந்த மலையடிவாரப் பெண்ணும், தெலுங்கிலேயே வலியைச் சொல்லும் மூதாட்டியும் ஒரே பலகையில் அமர்கின்றனர். அவரவர் சொல்லைப் பொறுமையுடன் கேட்பதே அங்குச் சிகிச்சையின் தொடக்கம்.

அனைவர்க்கும் கதவு திறந்த மருத்துவத்திற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டும் இவ்வட்டாரத்திற்கு அருகிலேயே உண்டு. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் கண் மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் அறுவை செய்யக் கற்றுத் தேர்ந்த அவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தர இயன்றவர் தந்தனர். இயலாதவர் இலவசமாகப் பெற்றனர். இரு சாராரையும் அதே மருத்துவர்களே கவனித்தனர். ஊர்தோறும் கண் முகாம் நடத்தி, வர இயலாதவரை நாடிச் சென்றதும் அதன் சிறப்பு. திருமுக்கூடலில் குறுகியிருந்த வாயில் இங்கே அகலத் திறந்தது.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வது பெரும்பாலும் காயத்திற்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அங்கு நெய்த துணி தொலைதூர மருத்துவமனைகளில் எவர் காயத்தைச் சுற்றும் என்பதை நெசவாளர் அறியார். அறிய வேண்டிய தேவையும் இல்லை. ஔஷத தானமும் அவ்வாறே பெறுபவர் இன்னார் எனக் கேளாது செல்லுதல் வேண்டும். திருநாளில் அன்னமிடும் நம் கரங்கள், ஓர் ஏழை நோயாளியின் மருந்துச் செலவையும் ஏற்குமாயின், ஆகார தானத்தோடு ஔஷத தானமும் நிறைவுறும்.