குருதி-மூளைத் தடை ஆய்வில் வினைபொருள் அடையாளமும் திருத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குருதி-மூளைத் தடை பற்றிய ஆய்வுகளில் பயன்பட்ட சாயங்கள், செல்கள் ஆகியவற்றைக் குறித்த கருத்துகள் பின்னாளில் திருத்தப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வினைபொருளின் அடையாளம் திருத்தப்படும்போது அளவீடு மாறுவதில்லை. அவ்வளவீடு எதற்குச் சான்று என்பதே மாறுகிறது என்பதை இது நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: குருதி-மூளைத் தடை, வினைபொருள், செல் வரிசை, எவன்ஸ் நீலம், திருத்தம்.

முன்னுரை

மூளை நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் நெருங்கிப் பிணைந்துள்ளன. குருதியிலுள்ள பல பொருள்கள் மூளைத் திசுவினுள் எளிதில் நுழையாதவாறு அவை காக்கின்றன. இத்தடையின் செயற்பாடு சாயம், எதிர்ப்பொருள், வளர்ப்புச் செல் முதலிய வினைபொருள்களின் வழியாகவே பெரிதும் அறியப்படுகிறது. ஆகவே, கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரு பொருளின் பெயர் பிழைபடின் அதன் முடிவும் ஐயத்திற்கு உள்ளாகும்.

சாயங்கள் அளித்த சான்று

1885இல் பால் எர்லிக் சில சாயங்களை விலங்குகளின் உடலில் செலுத்தியபோது பெரும்பாலான உறுப்புகள் நிறமேறின, மூளை நிறமேறவில்லை. மூளைத் திசு அச்சாயங்களை ஈர்ப்பதில்லை என அவர் விளக்கினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் டிரிப்பான் நீலத்தை மூளைத் தண்டுவடத் திரவத்தில் நேரே செலுத்தினார், மூளை நீலமாயிற்று. சாயத்தை மூளைத் திசு ஏற்கும் என்பதும், குருதியிலிருந்து அது அங்குச் சேர்வதில்லை என்பதும் இதனால் தெளிவாயின.

சாயத்தின் இயல்பு பின்னர் மேலும் அறியப்பட்டது. டிரிப்பான் நீலமும் எவன்ஸ் நீலமும் குருதியின் ஆல்புமின் புரதத்துடன் இணைகின்றன. எனவே, நிறமேறாமை என்பது அப்புரதத்தை ஒத்த பெரிய மூலக்கூறுகள் கடக்கவில்லை என்பதற்கே சான்றாகும். சிறு மூலக்கூறுகளைப் பற்றி அதனைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. அந்தப் பிணைப்பும் முழுமையானதன்று என்பதை 2015இல் சாண்டர்ஸ் குழுவினர் சுட்டிக்காட்டி, எவன்ஸ் நீலத்தின் பொருத்தப்பாட்டை வினவினர்.

இ.சி.வி.304: பெயரும் பிறப்பும்

1990இல் இ.சி.வி.304 என்னும் மனிதச் செல் வரிசை அறிமுகமாயிற்று. தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவரிலிருந்து அது தானே உருமாறித் தோன்றியது எனக் கூறப்பட்டது. எளிதில் பெருகியமையால் பல ஆய்வகங்களில் பரவியது. 1990களில் எலியின் சி6 கிளையோமா செல்களுடன் சேர்த்து வளர்க்கப்பட்டு, குருதி-மூளைத் தடையின் மாதிரியாகவும் பயன்பட்டது.

1999இல் டிர்க்ஸ் குழுவினர் டி.என்.ஏ. ஒப்பீட்டின் மூலம் அது டி24 என்னும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்லே என நிறுவினர். கலப்பு மூலத்திலேயே நேர்ந்திருந்தது. சிறுநீர்ப்பையின் உட்படலமும் கசிவைத் தடுப்பதே. அதன் எபிதீலிய செல்களும் நெருங்கிப் பிணைவன. எதிர்பார்த்த தடை உருவானமையே ஐயம் எழாமைக்கு ஒரு காரணமாக அமைந்திருக்கலாம். திருத்தத்திற்குப் பின்னும் ஊடுருவல் அளவீடுகள் எண்களாக நிலைத்தன. மனித மூளைக் குழாய்க்கு உரியனவாக அவற்றைக் கொள்வதற்கான அடிப்படையே சரிந்தது. ஆயினும், அச்செல்லைப் பழைய அடையாளத்துடனேயே குறிக்கும் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவந்தன.

இத்தகைய வினா மீண்டும் எழுந்தது. குருத்தணுக்களிலிருந்து மூளை நுண்குழாய்ச் செல்களை உருவாக்கும் முறை 2012இல் வெளியாயிற்று. அவ்வகை முறைகளால் கிடைப்பவை எபிதீலிய இயல்புடையன என 2021இல் மற்றொரு குழு வாதிட்டது.

திருத்தத்தின் இருவகை

2013இல் வெளியான ஓர் ஆய்வு 238 கட்டுரைகளைச் சோதித்து, அவற்றில் குறிக்கப்பட்ட ஆய்வு வளங்களுள் 54 விழுக்காட்டைத் தனித்து அடையாளங்காண இயலவில்லை எனக் கண்டது. 2014இல் எதிர்ப்பொருள் முதலிய ஆய்வு வளங்களுக்குத் தனி அடையாள எண் இடும் முயற்சி தொடங்கிற்று.

இங்கு இருவகைப் பிழைகளைப் பிரித்தறிதல் வேண்டும். எதிர்ப்பொருளின் பட்டியல் எண்ணையோ நிறுவனத்தையோ தவறாகக் குறிப்பது எழுத்துப் பிழை. ஆய்வாளரின் குறிப்பேட்டைக் கொண்டே அதனைத் திருத்தலாம். இ.சி.வி.304 அத்தகையதன்று. ஆய்வாளர்கள் பெயரைச் சரியாகவே எழுதினர். குப்பியின் பெயர்ச்சீட்டே பொய்த்தது. அடையாள எண் மட்டும் இதனைத் தடுக்காது. செல்லின் மரபணுச் சோதனையே தடுக்கும். எனினும், உண்மை வெளிப்பட்ட பின் அப்பொருளைப் பயன்படுத்திய கட்டுரைகளைத் தேடிக் கண்டறிய அவ்வெண் துணைசெய்யும்.

முடிவுரை

வினைபொருள் பற்றிய குறிப்பு முடிவுக்குப் புறம்பான சிறு விவரமன்று. அது சான்றின் ஒரு கூறு. திருத்தம் தனியொரு கட்டுரையாக வெளிவந்தால் மட்டும் போதாது; பிழைபட்ட மூலக்கட்டுரையைப் படிப்பவர் கண்ணில் படுமாறு அதனோடு இணைக்கப்படுதல் வேண்டும். 1999க்குப் பின்னும் நீடித்த இ.சி.வி.304 பயன்பாடு உணர்த்துவது இதுவேயாகும்.