கிராபீனின் வெப்பப் பதப்படுத்தல்

கிராபீனின் வெப்பப் பதப்படுத்தல் என்பது, ஓரணுத் தடிப்புள்ள கார்பன் படலமான கிராபீனை வெற்றிடத்திலோ ஆர்கன், ஹைட்ரஜன் முதலிய வளிமங்களிலோ சூடாக்கி ஆறவிடும் செயன்முறை ஆகும். கிராபீனின் அணுக்கள் அனைத்தும் மேற்பரப்பிலேயே உள்ளன. ஆகவே, அதன்மீது படியும் பொருட்களும் அதனைத் தாங்கும் அடித்தளமும் அதன் மின்பண்புகளைப் பெரிதும் மாற்றுகின்றன. வெப்பம் இவ்விரண்டின் விளைவையும் மாற்றவல்லது.

மாசு நீக்கம்

தூய கிராபீனில் பெர்மி ஆற்றல்மட்டம், கடத்துப்பட்டையும் இணைதிறன் பட்டையும் தொடும் டிராக் புள்ளியில் அமையும். காற்றிலுள்ள நீர், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒட்டும்போது படலம் எதிர்மின்னிகளை இழந்து, அதில் துளைகள் மிகுகின்றன. வெற்றிடத்தில் சூடாக்கினால் இம்மூலக்கூறுகள் வெளியேறி, பெர்மி மட்டம் டிராக் புள்ளியை நோக்கித் திரும்பும். படலத்தை இடமாற்றும்போது எஞ்சும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டுப் பலபடியை அகற்ற, 300 முதல் 400 பாகை செல்சியசில் ஆர்கன்-ஹைட்ரஜன் கலவையில் சூடாக்குவது வழக்கம். எனினும் அது முற்றிலும் நீங்குவதில்லை.

மின்னோட்டத்தால் சூடாக்கல்

உலையின்றி, கிராபீனூடாகவே மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்தியும் அதனைச் சூடாக்கலாம். 2008 இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அடித்தளத்தைத் தொடாமல் தொங்கவிடப்பட்ட கிராபீனை இவ்வாறு தூய்மையாக்கினர். தாழ்ந்த வெப்பநிலையில் அளந்தபோது அதன் எதிர்மின்னி நகர்திறன் வோல்ட்-நொடிக்கு 2,00,000 சதுர சென்டிமீட்டரைக் கடந்தது.

அடித்தளத்தின் பங்கு

சிலிக்கன் டைஆக்சைடின்மீது உள்ள கிராபீனைச் சூடாக்கினால், அது அடித்தளத்தின் மேடுபள்ளங்களோடு மேலும் நெருங்கி ஒட்டும். பின்னர் காற்றுப் பட்டால், சூடாக்குவதற்கு முன்பிருந்ததைவிட மிகுதியான துளைகள் தோன்றும், நகர்திறனும் குறையக்கூடும். எனவே தூய்மையாக்கும் அதே வெப்பம் மின்பண்புகளைக் கெடுக்கவும் செய்யும்.

சிலிக்கன் கார்பைடின் சிலிக்கன் முகத்தில் வளரும் முதல் கார்பன் அடுக்கு, அடித்தளத்தோடு பிணைந்திருப்பதால் கிராபீனைப் போல மின்கடத்துவதில்லை. அதனை ஹைட்ரஜனில் சூடாக்கினால், ஹைட்ரஜன் அணுக்கள் இடையில் நுழைந்து சிலிக்கனுடன் பிணைகின்றன. விடுபட்ட அடுக்கு கிராபீனாகிறது. இது 2009 இல் காட்டப்பட்டது.

கிராபீன் ஆக்சைடு

கிராபீன் ஆக்சைடு ஏறத்தாழ ஒரு மின்கடத்தாப்பொருள் ஆகும். சூடாக்கும்போது அதிலுள்ள ஆக்சிஜன் தொகுதிகள் நீங்கி, மின்கடத்துதிறன் பன்மடங்கு உயரும். ஆனால் ஆக்சிஜனின் ஒரு பகுதி, கார்பன் மோனாக்சைடாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் வெளியேறுவதால், படலம் கார்பன் அணுக்களையும் இழக்கிறது. அவ்வாறு உண்டாகும் வெற்றிடங்கள் எதிர்மின்னிகளைச் சிதறடிப்பதால், இவ்வகைக் கிராபீன் பழுதற்ற கிராபீனின் நகர்திறனை எட்டுவதில்லை.