ஃபெரட்: நோய்களும் சிகிச்சையும்

நீர்நாயின் குலத்தைச் சேர்ந்ததும், வளைக்குள் பதுங்கும் முயல்களை வெளியே விரட்டும் பொருட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியரால் பழக்கி வளர்க்கப்பட்டதுமான ஃபெரட், இக்காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் செல்லப் பிராணியாகவே வாழ்கிறது. ஆயுள் ஏறத்தாழ 5 முதல் 8 ஆண்டுகள். குடல் குறுகியதாகையால் உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். மாமிசமன்றித் தானிய உணவு இதற்கு ஒவ்வாது.

இதன் வியாதிகளுள் தலையாயவை இனப்பெருக்க சுபாவத்தோடு பின்னிக் கிடக்கின்றன. பகற்பொழுது நீளும் வசந்த காலத்தில் பருவமெய்தும் பெண் ஃபெரட், ஆணோடு கூடினாலன்றிக் கருமுட்டையை வெளியிடுவதில்லை. கூடாதவிடத்து அப்பருவம் மாதக்கணக்கில் நீடித்து, ஈஸ்ட்ரோஜன் மிகுந்து, எலும்பு மஜ்ஜையில் இரத்தம் உற்பத்தியாவதைத் தடுத்து, கடும் சோகையினால் மரணத்தையும் விளைவிக்கும். இதனைத் தவிர்க்கவும், உடல் நாற்றத்தைக் குறைக்கவும், அமெரிக்க வியாபாரப் பண்ணைகள் ஆறு வாரக் குட்டிகளுக்கே கருத்தடை அறுவை செய்து விற்கின்றன. அது விற்பவருக்குச் சௌகரியமேயன்றிப் பிராணிக்கு அவ்வளவாக நன்மையன்று. ஏனெனில், பாலுறுப்புகளின் கட்டுப்பாட்டை இழந்த பிட்யூட்டரி ஹார்மோன்கள் பல ஆண்டுகள் ஓயாது தூண்டுவதால், சிறுநீரகங்களின் அருகிலுள்ள அட்ரினல் சுரப்பிகள் பெருத்துக் கட்டியாகின்றன. வாலில் தொடங்கி மயிர் உதிர்தலும், பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்குதலும், ஆணுக்குப் புராஸ்டேட் பெருத்துச் சிறுநீர் அடைபடுதலும் அதன் குறிகள். இவற்றுள் கடைசியானது தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய அபாயம். நோயுற்ற சுரப்பியை அறுத்தெடுப்பதும், டெஸ்லோரெலின் என்னும் மருந்தைத் தோலின் அடியில் பொதிவதும் சிகிச்சைகள். இம்மருந்தையே அறுவைக்குப் பதிலாகக் கருத்தடைக்கும் பயன்படுத்துவது மேலான முறையென்று தோன்றுகிறது.

கணையக் கட்டி இன்சுலினை மிகையாகச் சுரக்கும்போது, இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, பின்னங்கால்கள் தளர்ந்து, எச்சில் ஒழுகும். ஈறில் தேன் தடவுதல் முதலுதவி; பின்னர் பிரெட்னிசோலோனோ அறுவையோ தேவைப்படும். ரப்பர்த் துண்டுகளை விழுங்கிக் குடலடைப்புக்கு உள்ளாவதும் இப்பிராணியின் வழக்கம்.

தொற்றுநோய்களுள் கொடியது நாய்களுக்கும் வரும் டிஸ்டெம்பர். தடுப்பூசி பெறாத ஃபெரட் அதனின்று பிழைப்பது அரிது. அந்நோயை ஆராய்வதற்காக லண்டனில் வளர்க்கப்பட்ட ஃபெரட்டுகளைக் கொண்டே, 1933-ல் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும், மனிதரின் தொண்டை கழுவிய நீரை அவற்றின் மூக்கிலிட்டு, இன்புளூயன்சா வைரஸைக் கண்டறிந்தனர். மூன்றாண்டுகளுக்குப்பின், நோயுற்ற ஃபெரட்டின் தும்மலால் அங்குள்ள ஆராய்ச்சியாளர் ஒருவருக்கே அக்காய்ச்சல் கண்டது. ஆகவே வளர்ப்பவர் காய்ச்சலுற்ற நாட்களில் வேறொருவரைக் கொண்டு தீனியிடுவிப்பது இருசாராருக்கும் உகந்தது.